பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’: காதுக்கு நல்ல பயிற்சி

ஆங்கிலம் கேட்டுப் பழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பற்றி இயல்பாகப் பேசுகிறார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு விடையைக் கடைசியில்தான் சொல்கிறார்கள் என்பதால் பாதியில் நிறுத்த மனசு வராது, நடுவே வந்த 6 சொற்களை முடிவில் மறுபடி விளக்கியும் விடுகிறார்கள். எல்லாம் இலவசம். பேச்சு முழுக்க எழுத்து வடிவிலும் கிடைக்கிறது, ஆனால் முதல் தடவையே அதைத் திறக்காதீர்கள், கண் முந்திக்கொண்டால் காது சோம்பிவிடும். ‘வான்ட் டு’ வேகமான பேச்சில் ‘வான்னா’ என்று ஒட்டிக்கொண்டு ஓடுவது கேட்டால்தான் பிடிபடும். குறை என்றால், நாம் பேசினால் திருத்த ஆளில்லை. அப்புறம், எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பக் கடினம், அவர்கள் படத்தோடு வரும் எளிய பாடங்களில் தொடங்கட்டும்.