டெக்ஸஸ் சார்ட்டர் பள்ளிகளின் டேப்பர் அறிக்கை: ஏ, பி, சி-க்குக் கீழே என்ன இருக்கிறது?

டெக்ஸஸில் பிள்ளைக்குச் சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிறுவனம் நடத்தும் பொதுப் பள்ளி) தேடும் பெற்றோர் முதலில் கேட்பது, “அது ஏ ரேட்டிங் பள்ளியா?” என்றுதான். மாநிலக் கல்வித் துறையான டிஇஏ நடத்தும் டிஎக்ஸ் ஸ்கூல்ஸ் தளத்தில் அதற்கான விடை உடனே கிடைத்துவிடும். ஆனால் அதே டிஇஏ 2012-13 கல்வியாண்டு முதல் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் டேப்பர் (TAPR) என்ற பள்ளிச் செயல்பாட்டு அறிக்கையைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். பார்க்க அழகில்லை, எண்கள் கண்ணைக் கட்டும். ஆனால் ஒரு பள்ளியில் யார் படிக்கிறார்கள், யார் எவ்வளவு தேறுகிறார்கள் என்பதை இதைவிட விரிவாகச் சொல்லும் இலவசச் சேவை பெற்றோருக்கு வேறில்லை.

முதலில், எந்த அறிக்கையைத் திறப்பது? டெக்ஸஸில் ஒரு சார்ட்டர் நிறுவனம் முழுவதும் ஒரே டிஸ்ட்ரிக்டாகவே, அதாவது ஒரே பள்ளி மாவட்டமாகவே, கணக்கிடப்படுகிறது. அதன் கேம்பஸ்கள், அதாவது தனித்தனிப் பள்ளிகள், ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. கிப் டெக்ஸஸ் என்ற சார்ட்டர் நிறுவனம் 2018-இல் ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ கிளைகளை ஒன்றாக்கி ஒரே டிஸ்ட்ரிக்ட் ஆனது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் தொடங்கிய ஐடியா என்ற சார்ட்டர் நிறுவனம் இன்று மாநிலத்தின் பல மூலைகளில் பள்ளி நடத்துகிறது. இத்தகைய டிஸ்ட்ரிக்டின் ரேட்டிங் அதன் கேம்பஸ்களின் மதிப்பெண்களை மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கலந்து எடுத்த சராசரி. உங்கள் வீட்டருகே இருக்கும் கட்டடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆகவே டிஸ்ட்ரிக்ட் அறிக்கையை மூடிவிட்டு கேம்பஸ் அறிக்கையைத் திறங்கள். டிஸ்ட்ரிக்ட் எண் ஆறு இலக்கம். முதல் மூன்று கவுண்டியைக் குறிக்கும், சார்ட்டர் என்றால் நான்காவது இலக்கம் 8. ஒரே மாதிரிப் பெயருள்ள பள்ளிகள் நிறைய இருப்பதால் எண்ணை வைத்துத் தேடுவதே பத்திரம்.

திறந்ததும் எல்லோரும் ஸ்டார் (STAAR) என்ற மாநிலத் தேர்வின் அட்டவணைக்குத் தாவுவார்கள். வேண்டாம். பின்னால் இருக்கும் மாணவர் விவரப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இன வாரியான சதவீதம், பொருளாதாரத்தில் பின்தங்கியோர், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் இருமொழி மாணவர், சிறப்புக் கல்வி பெறுவோர், ஆண்டின் நடுவே இடம் மாறியோர் என எல்லாம் அங்கே உண்டு. இது ஏன் முதலில் வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு.

முதல் பள்ளியில் 80 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள். அவர்களில் 50 சதவீதமும் மற்றவர்களில் 70 சதவீதமும் ஸ்டார் தேர்வில் ‘மீட்ஸ்’ நிலையை, அதாவது வகுப்புக்குரிய அறிவு வந்த நிலையை, எட்டுகிறார்கள். மொத்தம் 40-உம் 14-உம் சேர்ந்து 54. இரண்டாம் பள்ளியில் பின்தங்கியோர் 20 சதவீதம்தான்; அவர்களில் 40, மற்றவர்களில் 65. மொத்தம் 8-உம் 52-உம் சேர்ந்து 60. விளம்பரத் தாளில் இரண்டாம் பள்ளி ஆறு புள்ளி முன்னே நிற்கும். ஆனால் எந்தப் பிரிவுக் குழந்தையை எடுத்தாலும் முதல் பள்ளியில்தான் தேர்ச்சி அதிகம். மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் பள்ளியின் பாடத்தை அல்ல, அங்கே சேர்ந்தவர்களின் வீட்டு வருமானத்தை அளந்துகொண்டிருக்கிறார். பிரிவு வாரி எண்களை அருகருகே தருவதுதான் டேப்பரின் பெரிய பலம்.

ஸ்டார் அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்துக்கும் மூன்று வரிகள்: அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ். இவை தனித்தனி அல்ல, ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை. மாஸ்டர்ஸ் எட்டியவர் மற்ற இரண்டிலும் எண்ணப்படுவார். “எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் தேர்ச்சி” என்று பள்ளிகள் பெருமையாகப் போடுவது பெரும்பாலும் அப்ரோச்சஸ் வரியைத்தான். தனிக் கவனத்தோடு உதவி கிடைத்தால் அடுத்த வகுப்பில் சமாளிப்பார் என்பதே அதன் பொருள். வகுப்புக்குரிய அறிவு உண்மையில் வந்துவிட்டதா என்று பார்க்க மீட்ஸ் வரிக்குப் போங்கள்.

பக்கவாட்டில் மாநிலம், டிஸ்ட்ரிக்ட், கேம்பஸ், பிறகு ஒவ்வொரு பிரிவும் ஒரு செங்குத்துப் பத்தியாக வரும். நட்சத்திரக் குறி இருந்தால் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு, அந்தரங்கம் காக்க எண்ணை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெறும் கோடு என்றால் அந்தப் பிரிவில் ஆளே இல்லை. சிறிய சார்ட்டர் கேம்பஸ்களில் பாதிப் பக்கம் நட்சத்திரமாகவே இருக்கும். இந்த அறிக்கையின் மிகப் பெரிய குறை அதுதான். அப்போது தனி வகுப்பு வரிகளை விட்டு, எல்லா வகுப்பும் சேர்ந்த வரியைப் படியுங்கள். பதினைந்து பேர் எழுதிய தேர்வில் ஒருவர் தவறினாலே ஏறக்குறைய ஏழு புள்ளி இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஓராண்டு ஏற்ற இறக்கத்தை வைத்து முடிவெடுக்காமல் மூன்றாண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் பாருங்கள்.

நம்மவர் தேடும் ஆசியர் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியர், சீனர், வியட்நாமியர் எல்லோரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். தமிழ்க் குழந்தைகளின் நிலை என்று அதைப் படிக்க முடியாது. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினால் பிள்ளையை இருமொழி மாணவர் பட்டியலில் தள்ளிவிடுவார்கள் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. எழுதினால் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள், அவ்வளவே. அந்தச் சோதனையில் ஆங்கிலம் போதவில்லை என்று தெரிந்தால்தான் அந்தப் பட்டியல். உண்மையை எழுதுங்கள்.

பெற்றோர் அதிகம் கவனிக்காத இடம், வகுப்பு வாரி மாணவர் எண்ணிக்கை. நான்கு ஆண்டுக்கு முந்தைய அறிக்கையில் ஆறாம் வகுப்பு எண்ணிக்கையையும், இன்றைய அறிக்கையில் பத்தாம் வகுப்பு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 120 பேர் 70 ஆகியிருந்தால், உயரும் தேர்ச்சி விகிதத்தில் எவ்வளவு கற்பித்தலால் வந்தது, எவ்வளவு பிள்ளைகள் விலகியதால் வந்தது என்று பள்ளியிடம் நேராகக் கேட்கலாம். நான்காண்டுப் பட்டம் பெறும் விகிதம் இதைக் காட்டாது; டெக்ஸஸுக்குள் வேறு பொதுப் பள்ளிக்கு மாறியவர் முதல் பள்ளியின் கணக்கிலிருந்து நீங்கிவிடுவார். தொடர்ந்து படிப்போர், புதிதாக வந்தோர் என்ற இரண்டு பத்திகளும் ஸ்டார் அட்டவணையிலேயே இருக்கின்றன. முதல் பத்தி நன்றாக உயர்ந்திருந்தால் அது நல்ல அறிகுறி.

இனி ஏ, பி, சி என்ற அந்த ரேட்டிங் எழுத்து எப்படி வருகிறது என்று பார்ப்போம். மாணவர் சாதனை, பள்ளி முன்னேற்றம் இரண்டில் எது உயர்வோ அதற்கு 70 சதவீதம். மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளி குறைப்புக்கு 30. முன்னேற்றப் பகுதியில் ஏறத்தாழ அதே அளவு வறுமையுள்ள மற்றப் பள்ளிகளோடு ஒப்பிடும் அளவுகோலும் இருக்கிறது. ஆகவே இரண்டு ஏ பள்ளிகள் வெவ்வேறு காரணத்தால் ஏ ஆகியிருக்கலாம். பகுதி மதிப்பெண்களைப் பிரித்துப் பாருங்கள். பழைய ரேட்டிங்கோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை. 2020, 2021 இரண்டு ஆண்டும் ரேட்டிங் கிடையாது. 2023-இல் உயர்கல்வி, வேலைத் தயார்நிலைக்கு ஏ பெறும் வரம்பு 60-இலிருந்து 88-ஆக உயர்ந்தது. வழக்கில் சிக்கி அந்த ரேட்டிங் 2025-இல்தான் வெளியானது. ஏ-இலிருந்து சி-க்கு இறங்கிய உயர்நிலைப் பள்ளி கெட்டுவிட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது.

ஆசிரியர் பக்கத்தில் இரண்டே எண்கள் போதும்: சராசரி அனுபவம், ஆண்டுக்கு எத்தனை சதவீத ஆசிரியர் விலகுகிறார்கள். இரண்டாவது எண் டிஸ்ட்ரிக்ட் அறிக்கையில்தான் இருக்கும்; அதற்கு மட்டும் அதைத் திறங்கள். சார்ட்டர்களில் பெரும்பாலான பாடங்களுக்கு மாநில ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமில்லை. தொடக்க வகுப்புகளுக்கான 22 மாணவர் வரம்பும் பொருந்தாது. வகுப்பு அளவை அறிக்கையில் பார்த்த பிறகு பள்ளியிலும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கடைசியாக ஆண்டுக் குழப்பம். அறிக்கை வெளிவருவது கல்வியாண்டு முடிந்து பல மாதம் கழித்து. 2023-24 என்ற தலைப்பில் ஸ்டார் எண்கள் 2024 வசந்தத்தைச் சேர்ந்தவை, பட்டம் பெற்றோர் விவரமோ 2023-இல் முடித்த வகுப்பினுடையது. ஒரே தாளில் இரண்டு வெவ்வேறு ஆண்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு அட்டவணையின் ஆண்டையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.