அம்ப் ரேடியோ கதைத்தால் எந்த வைத்தியம் எடுபடும்?

கிற்றார் கம்பியைத் தொடாமலே அம்ப்பில் செய்தியறிக்கை கேட்டால், பலர் முதலில் வாங்குவது கேபிளில் கவ்வும் ஃபெரைட் (உயர் அலைகளைத் தடுக்கும் காந்தப் பொருள்) அல்லது மெல்லிய சத்தத்தை அடைக்கும் நொய்ஸ் கேட் பெடல். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ரேடியோ பிடிப்பதற்கு உள்ளீட்டில் வைக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு சிறிய கப்பாசிட்டரும் சேர்ந்த ஃபில்ற்றர் இந்த இரண்டையும் வெல்லும். ஆனால் அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது.

திருகோணமலையில் இந்தத் தொல்லைக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று சிற்றலை. ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லே இங்கே நடத்தி, 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறிய மறு ஒலிபரப்பு நிலையத்தின் சிற்றலை அனுப்பிகள் 250 கிலோவாட் வலுவுடையவை. 6 மீற்றர் கிற்றார் கேபிள் 12.5 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீள அன்ரெனா. சிற்றலையின் 25 மீற்றர் பட்டை 11.6 முதல் 12.1 வரை, அதாவது பக்கத்திலேயே நிற்கிறது. அந்த அலை முதல் ட்ரான்சிஸ்டரின் சந்திக்கோ வால்வின் கிரிட்டுக்கோ போய்ச் சேர்ந்ததும், அந்தச் சந்தியோ கிரிட்டோ டயோட் மாதிரி, மின்னை ஒரு திசையில் மட்டும் விட்டு, பேச்சைப் பிரித்தெடுக்கிறது. மற்றது உப்புக்காற்று. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலோரமாக வாசிக்கும் கருவிகளின் ஜக் தொடுமுனைகளில் கறல் படியும். கறல் படிந்த இணைப்பே டயோட் ஆகிவிடும்.

எதையும் வாங்குமுன் கிற்றாரின் வொலியூமைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். சத்தம் நின்றால் பிழை கிற்றார் பக்கம். நிற்காவிட்டால் அம்ப்பிலிருந்து கேபிளை உருவுங்கள். இப்போது நின்றால் கேபிள், பெடல் அல்லது அம்ப்பின் உள்ளீடு. அப்போதும் நிற்காவிட்டால் மின்வழங்கல் அல்லது பிந்திய நிலை. இரவில் மட்டும் கேட்கும் நிலையம் பெரும்பாலும் தூரத்து மத்திய அலை. பகலிரவாக ஒரே ரீங்காரம் என்றால் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள்: எல்இடி பல்ப், ஃபோன் சார்ஜர், ஃபான் ரெகுலேற்றர்.

செலவில்லாத வேலை இதுதான். ஜக்கின் நட்டை இறுக்குங்கள். நட்டு தளர்ந்தால் ஜக்கின் ஏர்த் சேஸியை (அம்ப்பின் உலோக உடலை) வடிவாகத் தொடாது, கேபிளின் உறை முழுதும் அன்ரெனா ஆகிவிடும். நட்டுக்கும் சேஸிக்கும் இடையில் பல் வாஷர் போட்டால் அது கறலைக் கீறிக்கொண்டு பிடிக்கும். தொடுமுனையை ஐசோப்புரோப்பைல் அல்ககோலால் துடையுங்கள். எண்ணெய் பூச வேண்டாம், தூசி ஒட்டும்.

அது போதாவிட்டால்தான் ஃபெரைட்டா ஃபில்ற்றரா என்ற கேள்வி. ஃபெரைட்டின் நன்மை, அம்ப்பைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் அதன் தடை சுற்றின் வர்க்கத்தில் ஏறுகிறது: கேபிள் ஒருமுறை நுழைவதைவிட 5 முறை நுழைந்தால் 25 மடங்கு. தடித்த கிற்றார் கேபிள் சின்னக் கவ்விக்குள் ஒருமுறைதான் போகும், ஆகவே மத்திய அலைக்கு அது அநேகமாக வீண். பெரிய வளையம் எடுத்து, அம்ப்புக்குப் பக்கத்து முனையில் 5 சுற்றுப் போட்டால் பலன் உண்டு. வளையம் 31 ஆம் எண் ஃபெரைட் கலவையாக இருந்தால் 1 மெகாஹேர்ட்ஸிலிருந்தே உதவும். 43 ஆம் கலவை அதைவிட உயர்ந்த அலைகளுக்கு. அடப்டர் வயரில் வரும் சத்தத்துக்குக் கவ்வியை நாங்களும் சொல்லுவோம், வயர் மெல்லியது, பல சுற்றுப் போகும்.

ஃபில்ற்றர் வேலை நுணுக்கமானது. பெடலில், உள்ளீட்டு ஜக்குக்குப் பிறகு தொடராக 10 கிலோ ஓம். அதன் உள்முனையிலிருந்து ஏர்த்துக்கு 100 பிகோஃபரட் செரமிக். உயர் அலைகளை வெட்டத் தொடங்கும் இடம் 159 கிலோஹேர்ட்ஸ். 1 மெகாஹேர்ட்ஸில் 16 டெசிபல், 12 மெகாஹேர்ட்ஸில் 37 டெசிபலுக்கு மேல் குறையும். கூர்மை போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை: கிற்றார் கேபிளே மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபரட், நீங்கள் கூட்டுவது ஒரு மீற்றர் கேபிள் அளவுதான். கப்பாசிட்டரில் 101 என்று இருக்க வேண்டும். 104 என்றால் அது 1000 மடங்கு, தொனி முழுக்கச் செத்துப்போகும். கால்களைக் குட்டையாக வெட்டி முதல் நிலையின் ஏர்த்திலேயே பற்றவையுங்கள். நீண்ட கால் உயர் அலைக்குக் கம்பிச்சுருள் மாதிரித் தடையாக நின்று ஃபில்ற்றரைக் கெடுக்கும்.

பழைய ஃபஸ் பெடல்களின் உள்ளீட்டுத் தடை குறைவு, 10 கிலோ ஓம் தொனியையே மாற்றிவிடும். அங்கே ரெசிஸ்டரை விட்டுவிட்டு, முதல் ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையில் 100 பிகோஃபரட் வைப்பது நல்லது.

வால்வு அம்ப்பில் பெரும்பாலும் 68 கிலோ ஓம் ஏற்கெனவே இருக்கும், ஆனால் ஜக்கடியில். அதை 12ஏஎக்ஸ்7 சொக்கெற்றின் 2 அல்லது 7 ஆம் பின்னுக்கே நகர்த்தினால் போதும். வால்வின் சொந்தக் கொள்ளளவே கப்பாசிட்டராகும். உள்ளே 400 வோல்ற்றுக்கு மேலும் இருக்கலாம், பிளக்கை உருவிய பின்னும் அது உள்ளிருக்கும் கப்பாசிட்டர்களில் நிற்கும். 10 கிலோ ஓம் 5 வாற் ரெசிஸ்டரால் வடித்து, மீற்றரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பெடல்களுக்கு ஒரே அடப்டரிலிருந்து கிளை வயர் போட்டால் டிஜிற்றல் பெடலின் கீச்சொலி மற்றவற்றுக்கும் பாயும். 9 வோல்ற் பற்றரியில் சத்தம் மறைந்தால் குற்றவாளி மின்வழங்கல்தான். தனித்தனி வெளியீடுள்ள பெட்டி வாங்கும்போது பெயரை நம்பவேண்டாம்: இரண்டு வெளியீடுகளின் மைனஸ்களுக்கு இடையில் மீற்றரை வையுங்கள், பீப் என்றால் அவை பிரிக்கப்படவில்லை.

கிற்றாருக்குள் செப்புத்தாள் ஒட்டுவது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ரீங்காரத்துக்கு. ரேடியோவுக்கு இரண்டாம் தெரிவு. நொய்ஸ் கேட் வாசிக்காத நேரத்தில் கதவைச் சாத்துகிறது, அவ்வளவுதான். நீங்கள் வாசிக்கும்போது செய்தியறிக்கையும் கூடவே வரும்.

13 அம்பியர் பிளக்கின் ஏர்த் வயரைக் கழற்றுவதையோ, இரண்டு பின் அடப்டரில் செருகுவதையோ இந்த ஒப்பீட்டில் ஒரு தெரிவாகவே நாங்கள் எடுக்கவில்லை. முனகல் நிற்கலாம். ஆனால் உள்ளே 230 வோல்ற் சேஸியில் பட்டால் அது கிற்றார் கம்பி வழியே விரலுக்கு வரும், மறுகை மைக்கில் இருந்தால் உயிர் போகும். இரண்டு அம்ப் சேர்த்துப் பாவித்து 50 ஹேர்ட்ஸ் முனகல் வந்தால், சிக்னல் வழியில் 1:1 தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்ஃபோமரை வையுங்கள். இரண்டு ஏர்த்தும் கேபிளும் சேர்ந்து உருவாக்கிய வளையம் அங்கே உடையும். இரண்டு அம்ப்பின் ஏர்த்தும் சுவரில் இருந்தபடியே இருக்கும்.