புது டர்போ, பழைய ஆயில் பைப்: 1,100 கிலோமீட்டரில் போனது என் 23,800 ரூபாய்

டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் பாகம்) மாற்றப் போகிறவர்கள், முக்கியமாக டி போர்டு வாடகை வண்டி ஓட்டுபவர்கள், வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

புது டர்போ போட்டு ஆறாவது நாள். சேலத்திலிருந்து பெங்களூரு ஏர்போர்ட்டுக்குச் சவாரி. தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது சைரன் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த நிமிடமே வண்டியில் இழுவை இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே நீலப்புகை. ஓரம்கட்டி உடனே ஆஃப் செய்தேன். சவாரி வந்தவர்கள் வயதான தம்பதி, மகளைப் பார்க்க விமானம் ஏறப் போகிறவர்கள். வேறு வண்டி வரவழைத்து அவர்களை ஏற்றிவிட 40 நிமிடம் ஆனது. அந்த அம்மா வெயிலில் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

என்னுடையது 1.3 லிட்டர் டீசல் செடான், 1,62,000 கிலோமீட்டர் ஓடியது. பழைய டர்போ விசில் அடித்து, ஆயில் குடிக்க ஆரம்பித்ததால்தான் மாற்றினேன். டர்போ வேலைக்கென்றே போர்டு வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. பில் இது: டர்போ 23,800, ஆயில் பைப்பும் வாஷர் செட்டும் 1,950, இன்ஜின் ஆயில், ஃபில்டர் 2,600, கூலி 4,500. மொத்தம் 32,850 ரூபாய். வண்டி எடுக்கும்போது நான் வாய்விட்டே கேட்டேன்.

“அண்ணா, ஆயில் பைப் புதுசுதானுங்களே?”

“பில்லுலயே போட்டிருக்கேனே தம்பி, அப்புறம் என்ன?”

நம்பி ஓட்டினேன்.

தொப்பூரிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வந்து, எங்கள் பகுதியில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் விட்டேன். லாரிப் பட்டறையில் பல வருடம் இருந்தவர். காற்று போகிற ஹோஸைக் கழற்றி, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீலை விரலால் ஆட்டினார். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது, வீல் ஹவுசிங்கில் உரசிய தடமும் இருந்தது. அடுத்து டர்போவுக்கு ஆயில் வருகிற மெல்லிய பைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்து, “இதைப் பாருங்க தம்பி” என்றார்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதன் மேல் இருக்கும் வெப்ப உறை கழன்று ஆடுகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் நானே கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தேன். அதே கம்பி, அதே முறுக்கு. 1,950 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழைய பைப்பையே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவர் அதை வளைவில் ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். உள்ளே முழுக்கக் கரி, சுவரோடு ஒட்டி இறுகியிருந்தது. நடுவில் மிச்சமிருந்த துளையில் தீக்குச்சி நுழையவில்லை. ஒரு பக்கத்தில் கரி பொரிந்து, தட்டியதும் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. அந்தச் சில்லுகள் நேராகப் போய்ச் சேர்கிற இடம் புது டர்போவின் பேரிங்.

இந்தப் பைப் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. சின்ன டீசல் வண்டிகளின் டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது பால் பேரிங் கிடையாது. புஷ் மாதிரியான பேரிங், அதில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. ஆயில் சில நொடி வரத் தவறினாலும் உலோகமும் உலோகமும் உரசிவிடும். என் ஷாஃப்ட்டைக் கழற்றியபோது சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஆயில் கிடைக்காமல் எரிந்ததற்கு அதுதான் அடையாளம் என்றார்.

கரி சேர்வதற்கு நம் பழக்கமும் ஒரு காரணம். ஏற்றம் ஏறி, 100-ல் இழுத்து வந்து, டீக்கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடுகிறோம். இன்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நின்றுவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும் சூட்டில், பைப்பில் தேங்கிய ஆயில் வெந்து கரியாகிறது. அது தினம் தினம் சேர்கிறது. என் முதல் டர்போ போனதற்கே இந்தப் பைப்தான் காரணமாக இருக்கும் என்பது பெரியவர் கணிப்பு. அப்படியென்றால் காரணத்தை அப்படியே வைத்துவிட்டு டர்போவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்!

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டபோது முதலில் மறுத்தார்கள். கட்டுக்கம்பியைக் காட்டியதும், “காத்து அடிச்சு, டீசல்ல கழுவித்தான் போட்டோம், புதுசு மாதிரிதான் இருந்துச்சு” என்றார்கள். காற்று அடித்தாலும் இறுகிய கரி போகாது. கொஞ்சம் இளகி நிற்கும், வண்டி ஓடும்போது உதிரும். கழுவாமல் விடுவதைவிட இது மோசம்.

டர்போவை வாரன்ட்டிக்கு அனுப்பினேன். ஆயில் வரத்துத் தடையால் சேதம், கம்பெனி பொறுப்பில்லை என்று திரும்பி வந்தது. வாரன்ட்டி அட்டையின் பின்பக்கம், ஆயில் பைப்பைப் புதிதாக மாற்றியிருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டாவது டர்போவும் என் கைக்காசில்தான். ஒன்பது நாள் சவாரி இல்லை, வண்டித் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது.

இரண்டாவது முறை பெரியவர் வேலை செய்யும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். புதுப் பைப்பைப் பாக்கெட்டோடு என்னிடம் காட்டிவிட்டுத்தான் பிரித்தார். காப்பர் வாஷர் எல்லாம் புதுசு. இணைப்புகளில் சிலிக்கான் பேஸ்ட் தொடவே விடவில்லை, பிதுங்கி உள்ளே போனால் அதுவே அடைப்பாகும். ரிட்டர்ன் பைப்பையும் கழற்றிப் பார்த்தார், ஏனென்றால் ஆயில் அதில் தன் எடையால்தான் சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறங்குகிறது, அங்கே அடைத்தாலும் டர்போவிலிருந்து ஆயில் கசியும். சம்ப்பைக் கழற்றி, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்தார். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது பழைய ஆயில் ஒரு டம்ளருக்கு மேல் கொட்டியது. அதை உள்ளேயே விட்டால், இன்ஜின் அந்த ஆயிலை இழுத்து எரித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து உண்டு. சில இன்ஜின்களில் பைப்பை மாட்டும் பேஞ்சோ போல்ட்டுக்குள் சின்ன வலை ஃபில்டர் இருக்குமாம், அதையும் மாற்ற வேண்டும் என்றார்.

கடைசியில் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, வீலைக் கையால் சுற்றினார். டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் வயர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் ஆகாதபடி விட்டு விட்டு செல்ஃப் அடித்தார். ரிட்டர்ன் பக்கம் ஆயில் வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மாட்டி ஸ்டார்ட் செய்தார். சில நிமிடம் ஐட்லிங்கிலேயே விட்டோம். இதற்கெல்லாம் கூடுதலாக ஆனது அரை நாள்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, வண்டியை விடுவதற்கு முன்பே பழைய பைப்பில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துப் படம் எடுங்கள். வேலை முடிந்ததும் பழைய பைப்பைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிப் போட்டது உங்கள் பொருள், தர மறுத்தால் அங்கேயே பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். கூலியை மட்டும் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது. ஒப்புக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். மனு தயாராகிவிட்டது, அறுத்த பைப் கட்டுக்கம்பியோடு ஒரு பையில் பில் பக்கத்தில் இருக்கிறது. சேலம் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.