ஏர்கூலரா, ஏ.சி.யா: கடலோர வீட்டுக்கு எது?

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் குளிருக்கு வீட்டைச் சூடாக்க வேண்டிய கவலை யாருக்கும் இல்லை. சித்திரை வெயிலுக்கு ஏர்கூலர் போதுமா, ஏ.சி.தான் வேண்டுமா என்பதுதான் பேச்சு.

விலையிலும் கரண்டிலும் கூலர்தான் மலிவு. ஆனால் அது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. ஏற்கெனவே ஈரம் ஊறிய கடற்காற்றில் தண்ணீர் சரியாக ஆவியாகாது. அறையில் பிசுபிசுப்புதான் கூடும், தலையணை உறைகூட நமத்துப்போகும். குடிதண்ணீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் வீட்டில் அதற்கு வேறு ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை விட்டாலோ, காற்று புகுந்து வரும் ஈரப் பேடில் (pad) உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து காற்று அடைபடும். மதுரைச் சொந்தக்காரர் கூலரைப் புகழ்ந்தால் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஊர்க் காற்று வேறு.

ஏ.சி. ஈரத்தையும் இழுத்து வெளியேற்றும். அதன் எதிரி உப்புக்காற்று: வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் பொரிந்து உதிரும். செம்புக் காயில் (சுருள் குழாய்), அரிப்புத் தடுப்புப் பூச்சு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். யூனிட்டைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டி, அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் பில் அவ்வளவாகக் கையைக் கடிக்காது.

ஏ.சி.க்குப் பணம் இப்போது இல்லையா? கூலருக்குப் போடும் காசில் நல்ல சீலிங் ஃபேன் வாங்குங்கள்.