வேலி ஓரத்துக்கு ஹோண்டா யூஎம்கே 435 பிரஷ் கட்டர்: மெஷின் சரி, நரம்பில்தான் சங்கதி

புல் வெட்டும் மெஷின் எதுவாக இருந்தாலும் திறந்த தோப்பில் நன்றாகத்தான் வெட்டும். அதன் சாயம் வெளுப்பது வேலி ஓரத்தில். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து முந்திரித் தோப்பு வேலிகளில் கல்கால், முள்கம்பி, அதில் ஏறிய வேலிப்பருத்தி, அடியில் கோரை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அங்கே இந்த மெஷினைத் தாராளமாக நம்பலாம், பிளேடைக் கழற்றி நைலான் நரம்புத் தலையை, அதாவது தடித்த நைலான் இழை சுழன்று புல்லை வெட்டும் தலையை, மாட்டினால். கம்பிக்குப் பக்கத்தில் இரும்பு பிளேடு வேண்டவே வேண்டாம். கல்காலில் பட்டால் மெஷின் மொத்தமும் எகிறி ஆள் பக்கம் திரும்பும்.

இன்ஜின் 35.8 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்கும் தொல்லை இல்லை. 10டபிள்யூ-30 ஆயில் 100 மில்லி தனியாக ஊற்றினால் போதும். டேங்க் 0.63 லிட்டர்தான் என்பது குறை. நீள வேலி என்றால் கேன் கூடவே வர வேண்டும். முதுகில் மாட்டும் மாடல் வரப்புக்குச் சௌகரியம். நேர்கோட்டு வேலிக்குத் தோளில் தொங்கும் இந்த மாடல்தான் தோது. குழாய் வளையாது, தலை வலப்பக்கம் நிற்கும்.

வலப்பக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தலை இடஞ்சுழியாகச் சுற்றும். வேலியை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தால் முன்னால் சுற்றும் நரம்பு கம்பியை விட்டு விலகி வரும், புல்லையும் வெளியே தள்ளும், கல் தெறித்தாலும் முன்னோக்கிப் போகும். வேலி இடப்பக்கம் இருந்தால் எல்லாம் தலைகீழ். நரம்பு கம்பிக்குள் நுழைந்து அறும், கல் முழங்காலுக்கு வரும். கண்ணாடி, பூட்ஸ் கட்டாயம். சுற்றி 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது.

தொடங்குமுன் வேலியோடு ஒரு நடை போங்கள். கடலோர உப்புக் காற்றில் துருப்பிடித்து அறுந்த கம்பித் துண்டு புல்லுக்குள் கிடக்கும். நரம்பு அதைச் சுருட்டினால் சாட்டையாக வீசும். சோலார் வேலி என்றால் முதலில் சுவிட்சை அணையுங்கள். வேலிப்பருத்தி, கோவைக்கொடிகளை மேலேயும் அடியிலேயும் கருக்கரிவாளால் அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தலையில் சுற்றிக்கொண்டு கிளட்ச் சூடேறும்.

இடுப்பளவு கோரையை ஒரே வீச்சில் அடியோடு அடிக்கக் கூடாது. மேல்பாதி முதலில், அடி பிறகு. கம்பி அருகே ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, நரம்பின் நுனி மட்டும் புல்லில் படும்படி மெதுவாக நகருங்கள். கல்காலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்வெட்டியால் செதுக்கிவிட்டால் நரம்புச் செலவு பாதியாகக் குறையும் என்றே சொல்லலாம். வேலியை ஒட்டி நட்ட தேக்கு, பலாக் கன்றுகளுக்கு நரம்பைக் காட்டாதீர்கள். பட்டை சுற்றிலும் உரிந்தால் கன்று காய்ந்துவிடும்.

நரம்பு 2.4 மிமீ சாதாரணப் புல்லுக்கு. கோரைக்கும் பார்த்தீனியத்துக்கும், தலை ஏற்குமானால், 3 மிமீ போடலாம். கடையில் வெகுநாள் காய்ந்த நரம்பு மொடமொடவென ஒடியும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் இளகிவிடும். தலைக்குள் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் அம்புக்குறி காட்டும் திசையில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இறுக்கிச் சுற்ற வேண்டும். ஏறிச் சுற்றினால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், தலையைத் தரையில் தட்டினாலும் நரம்பு வெளியே நீளாது. ‘மெஷின் பழுது’ என்று கடைக்கு வருவதில் பல இந்த ஒட்டல்தான்.

ஆயிலை முதல் 10 மணி நேர ஓட்டத்தில் ஒருமுறை, பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏர் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவலாம். செம்மண் தூசியில் இன்னும் சீக்கிரம். கார்த்திகை மழை ஓய்ந்து, புல் விதை கட்டுவதற்குள் அடித்தால் முந்திரி பொறுக்கும் பருவத்துக்கு வேலி ஓரம் சுத்தமாக இருக்கும். ஈரப் புல்லில் அடித்தால் தலைக்கு மேலுள்ள தடுப்பான கார்டுக்கு அடியில் சேறாக அப்பிக்கொள்ளும், வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். தரையில் தட்டும் தலையின் அடிக்குமிழ் சரளை மண்ணில் உரசித் தேயும் பொருள். மெஷின் வாங்கும்போதே கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள்.