கைக்கு அடங்கிய காசில் பழைய மினிவேன்: பல வருடம் ஓட்டிய பிறகு சொல்வது

பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்கள், அவர்களோடு வரும் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டிய நிலை வந்தபோது பழைய மினிவேன் ஒன்றை வாங்கினோம். வி6 (ஆறு சிலிண்டர்) பெட்ரோல் இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், எட்டு இருக்கை, இரண்டு பக்கமும் மின்சாரத்தில் திறக்கும் ஸ்லைடிங் கதவு. எங்களுக்கு முன் ஒரே ஒரு குடும்பம் வைத்திருந்த வண்டி. அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. இதில் நான் எழுதும் தேய்மானங்கள் அநேகமாக எல்லா மினிவேனுக்கும் பொதுவானவை, எந்தப் பெயர்ப்பலகை ஒட்டியிருந்தாலும் அவை வரும்.

முதலில் பணம். கையில் இருப்பது முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் நானும் மனைவியும் உறுதியாக இருந்தோம். ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குள் அடங்கும் வண்டிகளை மட்டும் பார்த்தோம். அந்தப் பங்கு அப்படியே செலவானது: நான்கு டயர், முன் பிரேக் பேடும் டிஸ்க்கும், பேட்டரி, எல்லா ஆயில்களும், கூலன்ட். இதில் எதுவும் பழுது கிடையாது. பழைய வண்டி எதை வாங்கினாலும் முதல் சில மாதங்களில் வந்து நிற்கிற செலவு. பணத்தை ஒதுக்கி வைக்காதவர்கள் இந்த வேலைகளைத் தள்ளிப்போடுகிறார்கள். தேய்ந்த டயரோடும் கருத்த ஆயிலோடும் ஓட்டி, பிறகு வண்டியைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்தது, எந்த வண்டி. டொயோட்டா சியன்னாவும் ஹோண்டா ஒடிசியும் நல்ல பெயர் எடுத்தவை. அதனாலேயே பழைய சந்தையில் விலை இறங்க மாட்டேன் என்கிறது. அதே பணத்துக்கு டாட்ஜ் கிராண்ட் கேரவனோ கியா செடோனாவோ (பிற்பாடு கார்னிவல் என்று பெயர் மாறியது) இரண்டு மூன்று வருடம் புதியதாக, குறைவாக ஓடியதாகக் கிடைக்கும். சின்ன பட்ஜெட்டில் நிற்பவருக்கு இது உண்மையான குழப்பம். என் முடிவு தெளிவானது: சர்வீஸ் பில் கையில் உள்ள சாதாரணப் பெயர் வண்டி, பில் எதுவும் இல்லாத பெரிய பெயர் வண்டியைவிட மேல். பெயர் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் முடியாது. 1999 முதல் 2004 வரையிலான ஒடிசிகளில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெரிய தலைவலியாக இருந்தது ஊரறிந்த செய்தி. அதே நிறுவனத்தின் பின்னாள் வண்டிகள் பல நன்றாகவே ஓடுகின்றன. ஆகவே மாடல் பெயரோடு தயாரிப்பு வருடத்தையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

வருடம் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம், டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் நேரம் தவறாமல் இயங்கச் செய்யும் பட்டை. ஒடிசியின் வி6 இன்ஜினில் இருப்பது ரப்பர் பெல்ட். ஏறக்குறைய 1,60,000 கி.மீ. வாக்கில், அல்லது வயதைப் பார்த்து அதற்கு முன்பே, மாற்றியாக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும். சியன்னாவில் 2006 வரை பெல்ட், 2007இல் வந்த 3.5 லிட்டர் இன்ஜினிலிருந்து செயின். கிராண்ட் கேரவனில் 2011 முதல் வந்த 3.6 லிட்டர் இன்ஜினும் செயின்தான். பெல்ட் வண்டி என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம், ஏனென்றால் அவற்றை எட்ட மறுபடி அதே கூலியைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வண்டியை நாங்கள் தேர்ந்தெடுத்ததே இப்படி ஒரு கற்றை பில்லைப் பார்த்துத்தான். டேஷ்போர்டு பெட்டிக்குள் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் இருந்தன. அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, கிலோமீட்டர் சீராக ஏறியிருக்கிறதா, நடுவில் எங்காவது இறங்கியிருக்கிறதா. இரண்டு, கியர் ஆயிலை எப்போதாவது மாற்றினார்களா. இன்ஜின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். கியர் ஆயிலை மாற்றிய பில் இருந்தால் அந்த வீட்டில் வண்டியின் மேல் அக்கறையுள்ள ஒருவர் இருந்திருக்கிறார் என்று நம்பலாம். சுமார் இரண்டு டன் எடை, ஏழெட்டுப் பேர், அதற்கு மேல் சாமான்: இவ்வளவையும் இழுக்கிற கியர்பாக்ஸ் சின்னக் காரில் இருப்பதைவிட அதிகம் சூடாகும், ஆயிலும் சீக்கிரம் சத்திழந்து போகும். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று சொல்லும் பேச்சை நான் ஏற்பதில்லை. நாங்கள் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுகிறோம். கியர் இன்றுவரை வெண்ணெய் போல விழுகிறது.

கியர்பாக்ஸைப் பார்க்க, வண்டி ஆறிக் கிடக்கும்போதே போய்விட வேண்டும். நீங்கள் போவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆறிய வண்டியில் முதல் ஸ்டார்ட் சத்தத்தைக் கேளுங்கள், புகையைப் பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸுக்கும், ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கும் மாற்றுங்கள். கியர் விழத் தாமதமானாலோ ‘டக்’ என்று உதைத்தாலோ காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே பேசாதீர்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் போயிருந்தாலும் அப்படி உதைக்கும், அது சின்னச் செலவு. கியர்பாக்ஸே போயிருந்தால் அந்தச் செலவு பழைய வண்டி விலையில் பாதியைத் தின்னலாம். ஓட்டிப் பார்ப்பது கால் மணி நேரமாவது இருக்கட்டும். நன்றாகச் சூடான பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள், நெடுஞ்சாலை வேகத்துக்குக் கொண்டு போங்கள், காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். முன் சக்கரப் பக்கம் ‘கட கட’ என்று சத்தம் வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

மினிவேனுக்கே உரிய உறுப்பு ஸ்லைடிங் கதவு. மினிவேன் வாங்கக் காரணமே அதுதான், அதிகம் படுத்துவதும் அதுதான். ஒரு குடும்ப வண்டியில் நாளொன்றுக்கு எத்தனை முறை அந்தக் கதவு திறந்து மூடும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் வலப்பக்கக் கதவு ஒரு குளிர்காலத்தில் பாதி வழியில் நின்று நின்று நகரத் தொடங்கியது. மோட்டார் போய்விட்டது, முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். இன்னொரு மெக்கானிக் கீழ்த் தண்டவாளத்தின் ஓரத்து ரப்பரை நிமிர்த்தி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே பிஸ்கட் தூள், மணல், ஒரு பென்சில் துண்டு, எல்லாம் கிரீஸோடு கெட்டிப்பட்டுக் கிடந்தன. கீழ் ரோலர் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. சுத்தம் செய்து ரோலரை மட்டும் மாற்றினார், இன்றுவரை ஓடுகிறது. அதிலிருந்து அந்தத் தண்டவாளத்தை மாதாமாதம் பழைய டூத் பிரஷ்ஷால் நானே துடைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறேன்.

வாங்கும்போது இந்தக் கதவுகளைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. பவர் கதவு சுவிட்சை அணைத்துவிட்டு, கையால் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே தொங்குகிறது என்று கையே சொல்லிவிடும். பிறகு சுவிட்சைப் போட்டு, சாவியிலிருந்து, உள்ளே ஓட்டுநர் பக்கத்திலிருந்து, கைப்பிடியிலிருந்து என்று எல்லா வழியிலும் திறக்கச் செய்யுங்கள். பாதி மூடும்போது எதிரே கையை வைத்தால் கதவு திரும்பிப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையை விடவே கூடாது. கதவை இழுக்கும் கேபிள் நார் நாராகப் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கம்மியான பட்ஜெட் என்றால் கையால் திறக்கும் கதவுள்ள கீழ் மாடலை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கெட்டுப்போகும் பொருள் அவ்வளவுக்குக் குறைவு.

பலர் பார்க்காமல் விடுவது பின் ஏசி. பின் இருக்கைக்காரர்களுக்குக் குளிர்ந்த காற்று போக, ஏசி குழாய்கள் வண்டியின் அடிப்பக்கமாகப் பின்னால் வரை ஓடுகின்றன. அலுமினியக் குழாய், மண்ணும் ஈரமும் படும் இடம். அரித்து ஓட்டை விழுந்தால் கேஸ் இறங்கிவிடும். அப்போது முன் ஏசியும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் இரண்டுக்கும் கம்ப்ரஸர் ஒன்றுதான். பின் இருக்கையில் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் பின் ஏசியை ஓட விட்டுப் பாருங்கள். வண்டியை லிஃப்டில் தூக்கும்போது மெக்கானிக்கிடம் இந்தக் குழாய்களையும், ஸ்லைடிங் கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தையும், பின் சக்கர வளைவையும் துருவுக்காகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவருக்குத் தெரிந்தவராக இல்லாமல், நீங்கள் கூலி கொடுத்து அழைத்துப் போகும் மெக்கானிக்காக அவர் இருக்க வேண்டும். லிஃப்டில் ஏற்ற விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அந்த வண்டி வேண்டாம்.

இருக்கைகளைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டு ஆட்களையே உட்கார வைத்துப் பாருங்கள். மூன்றாம் வரிசையில் என் மாமனாரை உட்கார வைத்தோம். முழங்கால் முன் இருக்கையில் இடிக்கவில்லை, ஆனால் அங்கே ஏறி உட்கார இரண்டாம் வரிசையைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டியிருந்தது. அதனால் பெரியவர்கள் நடு வரிசை, பிள்ளைகள் கடைசி வரிசை என்று அன்றே முடிவாகிவிட்டது. குழந்தை இருக்கை மாட்டும் கொக்கிகள் எந்த எந்த இடத்தில் இருக்கின்றன என்று உங்கள் சொந்தக் குழந்தை இருக்கையைக் கொண்டுபோய் மாட்டியே பாருங்கள். சாமான் அதிகம் ஏற்றுபவர்களுக்கு, கிரைஸ்லர் குழுமத்து மினிவேன்கள் பலவற்றில் (கிராண்ட் கேரவனும் அந்தக் குழுமத்தினதே) 2005 மாடலிலிருந்து நடு வரிசையே தரைக்குள் மடங்கும் வசதி உண்டு. மற்றவற்றில் பெரும்பாலும் அதைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும், ஒற்றை ஆளுக்கு முதுகு பிடித்துக்கொள்கிற கனம். 2021 முதல் வரும் சியன்னாவில் நடு வரிசையைக் கழற்றவே முடியாது. ஆனால் தரைக்குள் மடங்கும் இருக்கையில் மெத்தை கொஞ்சம் மெல்லியதாக இருக்கும், நீண்ட பயணத்தில் தெரியும்.

சீட் பெல்ட்களை ஒவ்வொன்றாகக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. உடனே நகர்ந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் வருடமும்: 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆம் வாரம். தரையில் படும் பட்டன்கள் தேயாமல் நன்றாக இருந்தாலும் டயர் கிழடாக இருக்கலாம். ஆல் வீல் டிரைவ் சியன்னா பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், 2004க்குப் பிறகு வந்த பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. காற்றில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடும் விசேஷ டயர்கள் அவற்றில் வந்தன, மாற்றும்போது விலை கூடும்.

வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பார்ப்பதும் நல்லது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதோடு திருப்தியடைய வேண்டாம். நீங்கள் வருவதற்கு முன் பிழைக் குறியீடுகளை அழித்திருந்தால், வண்டியின் சுய பரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று ஸ்கேனர் காட்டும். பிறகு எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் உள்ள வின் எண் (வண்டியின் அடையாள எண்), டேஷ்போர்டிலும் கதவுத் தூணிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். அந்த எண்ணை வைத்தே ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைப்பது) வேலை பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ரீகாலில் மினிவேன்களும் இருந்தன. பாக்கி இருந்தால் டீலர் இலவசமாகவே செய்து கொடுப்பார்.

எரிபொருள் செலவைப் பற்றிச் சுருக்கமாக: பழைய வி6 மினிவேன் ஊருக்குள் லிட்டருக்கு ஏழெட்டு கி.மீ., நெடுஞ்சாலையில் பதினொன்று வரை. ஹைபிரிட்டாக மட்டுமே வரும் புதிய தலைமுறை சியன்னா 15 கி.மீ. தரும், ஆனால் நான் பேசும் பட்ஜெட்டுக்குள் அது வராது.

மூன்றாம் வரிசை வருடத்துக்கு இரண்டு முறைதான் தேவைப்படும் என்பவர்கள் மினிவேனே வாங்க வேண்டாம் என்பேன். அந்த இரண்டு முறைக்கு வாடகை வண்டி எடுப்பது மலிவு. வாரத்தில் பாதி நாள் ஆறு பேருக்கு மேல் ஏறுகிறார்கள், அதோடு தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ மடித்து வைக்க இடம் வேண்டும் என்றால் வேறு எந்த வகை வண்டியும் இதற்கு ஈடாகாது. எங்கள் வண்டிக்கு அடுத்து வரப்போகும் வேலை பின் ஷாக் அப்சார்பர். முழு ஆட்களோடு போகும்போது வேகத்தடையில் பின்பக்கம் இரண்டு தடவை ஆடுகிறது. அதற்கான பணம் ஒதுக்கியாகிவிட்டது. இன்னும் சில வருடம் ஓட்டுவதாகவே இருக்கிறோம்.