அரிச்சந்திரனா, நல்லதங்காளா, லியரா, கர்ணனா: டர்பனில் ஒரு குடும்ப நாடக வரிசை

குடும்பம் என்ற ஒரே பொருளை வைத்து நாலு கூத்து போடலாம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் சிலர் பேச ஆரம்பித்தோம். எந்த நாலு என்பதில் சண்டை வரவில்லை. அரிச்சந்திரன், நல்லதங்காள், கர்ண மோட்சம், அப்புறம் கூத்துக்கு மாற்றி எழுதிய லியர் அரசன். இவற்றில் எதற்குப் பெரிய அரங்கு, முழு ஒப்பனை, முழு வாத்தியக் கோஷ்டி கொடுப்பது என்பதில்தான் தகராறு. மற்ற மூன்றும் கோவில் மண்டபத்தில் சுருக்கமாக நடக்கும். அந்த ஒன்று எது என்பதற்கு என் கணக்கு இது.

முதலில் பார்க்க வருகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் செல்லுபடியாகும் பதில் இங்கே செல்லாது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது 1860 நவம்பர் 16-ல். அந்தக் கப்பலிலும் அதன் பின்னால் வந்தவற்றிலும் ஏறியவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைதான் நாற்காலியில் உட்காரப் போகிறது. தேவாரம் பாடுவார்கள், மாரியம்மன் தாலாட்டுக்குத் தலையாட்டுவார்கள். ஆனால் கூத்தின் விருத்தத்தையோ வசனத்தையோ வேகமாகச் சொன்னால் பாதிப் பேருக்குப் பிடிபடாது. இங்கே கூத்துக்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றே பெயர். பார்த்த ஞாபகம் பெரியவர்களுக்கு இருக்கிறது, கதை ஞாபகம் அரைகுறை. விடிய விடிய ஆடவும் வழியில்லை. அரங்கைப் பூட்டும் நேரம் ஒன்று உண்டு, வீட்டுக்குப் போகும் வழியைப் பற்றிய பயமும் உண்டு. ஆக, இரண்டரை மணி நேரம். கட்டியக்காரன் டர்பன் ஆங்கிலத்தில் நடுநடுவே கதையை எடுத்துக் கொடுக்க வேண்டும். கூத்தில் இது புதிதாகச் செருகும் வேலை இல்லை. கட்டியக்காரன் எந்தக் காலத்திலும் சபையோடு பேசுகிறவன்தான், ராஜாவையே நக்கல் செய்ய உரிமை உள்ளவன்.

அரிச்சந்திரனுக்குத்தான் ஆதரவு அதிகம். காரணமும் வலுவானது. காந்தி சிறுவனாக ராஜ்கோட்டில் இந்தக் கதையை நாடகமாகப் பார்த்து, தனக்குள்ளேயே எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன் 1893-ல் வந்து இறங்கிய ஊர் இது, 1904-ல் ஃபீனிக்ஸ் குடியிருப்பை அமைத்ததும் இங்கிருந்து கூப்பிடு தூரம். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த விளம்பரமே என்னை யோசிக்க வைக்கிறது. காந்தி பேரைச் சொல்லி அரிச்சந்திரனைப் போட்டால் சத்தியத்தின் கதையாகிவிடும், குடும்பத்தின் கதை பின்னால் போய்விடும். முழுக் கதையில் விசுவாமித்திரர் சபதம், நாடு பறிபோவது, கடன் வசூலிக்கக் கூடவே வரும் நட்சத்திரேசனின் நச்சரிப்பு, காசியில் சந்திரமதியையும் லோகிதாசனையும் காலகண்டையருக்கு விற்பது, சுடுகாட்டுக்குச் சொந்தக்காரனான வீரபாகுவிடம் தன்னையே விற்றுக்கொள்வது என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டரை மணியில் இது அடங்காது.

அடங்குவது மயான காண்டம் மட்டும். அதுவே போதும் என்பேன். பாம்பு கடித்து இறந்த மகனைத் தாய் சுமந்து வருகிறாள். சுடலை காக்கும் தகப்பன், யாரென்று தெரியாமல் கட்டணம் கேட்கிறான். கழுத்தில் இருக்கும் தாலியை விற்றுக் கொடு என்கிறான். அந்தத் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது சந்திரமதி பெற்ற வரம். டர்பன் இருக்கும் நேட்டாலில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போது எனக்கு 1913 மார்ச் நினைவுக்கு வரும். கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத, பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் திருமணங்கள் இந்த நாட்டில் செல்லாது என்கிற பொருளில் தீர்ப்பு சொன்னார். கோவிலில் கட்டிய தாலி ஒரே நாளில் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு அது பெரிய காரணம். சிறைக்குப் போய் வந்து 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில் இறங்கியவள்தான். கட்டியக்காரன் இதை இரண்டு வரியில் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். குறை என்னவென்றால் முடிவு. சந்திரமதியை வெட்ட ஓங்கிய வாள் மாலையாகிறது, பிள்ளை எழுகிறான், நாடு திரும்புகிறது. விற்றவனும் விற்கப்பட்டவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. சந்திரமதிக்கு அந்த இடத்தில் ஒரு கேள்வியாவது இருக்காதா?

நல்லதங்காளை முதலில் நிறுத்தும் தைரியம் எங்கள் ஆட்களில் யாருக்கும் இல்லை. எனக்கும் பாதிதான் இருக்கிறது. பன்னிரண்டு வருடப் பஞ்சத்தில் மானாமதுரையிலிருந்து ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீடான அர்ச்சுனாபுரத்துக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வெளியே போயிருக்கும் நேரம், அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள். நேட்டாலுக்கு ஆள் ஏற்றுவது நடுவில் நின்று, 1874-ல் மறுபடி தொடங்கியது. இரண்டே வருடத்தில் தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 78 வரை, தென்னிந்தியாவைத் தின்றது. கரும்புத் தோட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் பிறந்த வீட்டுக் கதவு திறக்காதவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கப்பலுக்குக் கணக்கு இருந்தது. அந்த நாற்பதில் குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு, தனியாக வந்தவர்களும் உண்டு. கதை எங்கள் வாசலுக்கே வருகிறது.

ஆனாலும் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, பழி முழுவதையும் அண்ணி தலையில் கட்டிவிட்டு அண்ணனையும் புருஷனையும் கதை நல்லவர்களாக விட்டுவிடுகிறது. மூளி அலங்காரியிடமும் பஞ்ச காலத்துப் பானை ஒன்றுதான் இருந்திருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவள் கொல்லப்படும்போது சபை கைதட்டும், அதுதான் எனக்குப் பயம். இரண்டு, தாய் பிள்ளைகளைக் கொன்று தானும் சாவதை அழகான ராகத்தில் பாடுவது. துக்கத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அந்தப் பாட்டு என்ன செய்யும் என்று யோசிக்காமல் இதைப் போடக் கூடாது. மூத்த பிள்ளை உயிர்ப் பிச்சை கேட்கும் இடத்தோடு நிறுத்தி, கிணற்றை மேடையில் காட்டாமல், அண்ணிக்கு ஒரு தனிப் பாட்டு எழுதிப் போட்டால் கோவில் மண்டபத்துக்குப் பொருந்தும். குழந்தைகளைக் கூட்டி வராதீர்கள் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பெரிய அரங்குக்கு வேண்டாம்.

லியரைச் சீக்கிரம் முடிக்கிறேன். பள்ளியில் ஷேக்ஸ்பியர் படித்தவர்கள் எல்லோருக்கும் கதை தெரியும், ஆகவே மொழிச் சிக்கல் குறைவு. சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கும் தகப்பன் எல்லா ஊரிலும் உண்டு, இங்கே கொஞ்சம் கூடுதலாக உண்டு. இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ன் குழுப் பகுதிச் சட்டத்தால் இந்தியர்களைக் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்தெடுத்து, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்தின் சின்ன மாநகராட்சி வீடுகளில் குடியேற்றினார்கள். மூன்று தலைமுறை ஒரே கூரையில் இருந்த வீடுகள் அதில் துண்டுதுண்டாயின. வயதான அப்பா யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சு அந்த வீடுகளில் இன்னும் ஓயவில்லை. விதூஷகனைக் கட்டியக்காரனாக்குவது, புயல் காட்சிக்கு மத்தளம், இதெல்லாம் தானாகவே வந்து பொருந்தும்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? கூத்தாக்கும்போது நாம் முடிவை மாற்றிவிடுவோம் என்ற சந்தேகம். ஆங்கிலேயர்களே மாற்றினார்கள். 1681-ல் நாகும் டேட் எழுதிய வடிவத்தில் லியரின் கடைசி மகள் கோர்டிலியா சாவதில்லை, எட்காரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், லியருக்கு நாடு திரும்பக் கிடைக்கிறது. சுமார் 150 ஆண்டு இங்கிலாந்து மேடையில் ஓடியது அதுதான். லோகிதாசனை எழுப்பி உட்கார வைத்தே பழகிய நமக்கு, கோர்டிலியாவைப் பிணமாகவே விட்டுவிட்டுத் திரையை இழுக்க மனசு வராது. மங்களம் பாடாமல் கூத்தை எப்படி முடிப்பது என்று ஒருவர் இப்போதே கேட்டாயிற்று. முடிவை மாற்றினால் லியர் தேவையில்லை, நம்மிடம் அந்த வகைக் கதை ஏராளம்.

மிச்சம் கர்ண மோட்சம். என் ஓட்டு இதற்குத்தான், தயக்கமே இல்லாமல்.

செத்தவர் எழாமலே மங்களம் பாடி முடிக்கக்கூடிய கதை இது. கர்ணன் சாகிறான், சாவே அவனுக்கு மோட்சம். தமிழ்நாட்டின் வடபகுதிகளில் இறந்தவர் வீட்டுக் காரியங்களை ஒட்டி இந்தக் கூத்தை ஆட வைக்கும் வழக்கம் இருப்பது இதனால்தான். பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகனுக்குத் தன்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்ற வெறுப்பில் அவள் அவனைக் கண்டபடி ஏசுகிறாள். அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். நல்ல ஆட்டக்காரர் இரண்டு பேர் இருந்தால் இந்த ஒரு காட்சி முக்கால் மணி நேரம் ஓடும், சபை அசையாது. கணவன் மனைவி உண்மையிலேயே சண்டை போடும் காட்சி நம் கூத்துகளில் அபூர்வம். சந்திரமதி ஏசாததை எல்லாம் பொன்னுருவி சேர்த்து ஏசிவிடுகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் குந்தி. வில்லிபுத்தூரார் பாரதத்தில் அவள் கர்ணனைத் தேடி வந்து மகனே என்கிறாள், வந்த காரியமாக நாகாஸ்திரத்தை அர்ச்சுனன் மேல் இரண்டாம் முறை விடாதே, மற்ற நால்வரைக் கொல்லாதே என்று வரம் வாங்கிக்கொள்கிறாள். பதிலுக்குக் கர்ணன் கேட்பது, நான் உயிரோடு இருக்கும்வரை இதை யாருக்கும் சொல்லாதே, களத்தில் விழுந்தால் மடியில் எடுத்துப் பாலூட்டி நான் உன் மகன் என்று ஊரறியச் சொல் என்பது. வியாச பாரதத்தில் போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் குந்தி உண்மையைச் சொல்கிறாள். தமிழில் அது களத்தில் விழுந்த மகனை மடியில் போட்டுக் கதறும் தாயாக மாறிவிட்டது. மேடைக்கு எது பலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

டர்பனுக்கு இது ஏன் குறிப்பாகப் பொருந்துகிறது? அரங்கேற்றக் களத்தில் கிருபர் கர்ணனைப் பார்த்து, உன் தகப்பன் யார், என்ன குலம் என்று கேட்கிறார். அவன் தலை குனிகிறான். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியலிலும் அதே கேள்விகள்தான் கட்டம் கட்டமாக இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பில் அடையாளம். இன்று எங்கள் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் பாட்டன் பூட்டனின் அந்த எண்ணைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள். கிடைத்ததும் சட்டகம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். எழுதிக்கொண்ட குமாஸ்தாவின் காதில் விழுந்தது ஒன்று, சொன்னவர் சொன்னது ஒன்று என்று எத்தனை பெயர்கள் சிதைந்தன, எத்தனை பேர் வேண்டுமென்றே வேறு சாதி சொன்னார்கள் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு கதை. கிருபர் கேட்கும் காட்சியில் கட்டியக்காரன் கையில் ஒரு பேரேட்டைக் கொடுத்து உட்கார வைத்தால் போதும், விளக்கமே வேண்டாம். டர்பன்காரர் எவருக்கும் புரியும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, ராதை. ஆற்றில் மிதந்து வந்த பெட்டியில் கிடந்த கர்ணனை வளர்த்தவள் அவள்தான். குந்திக்கு மடிக் காட்சி இருக்கிறது, பொன்னுருவிக்கு ஏச்சுப் பாட்டு இருக்கிறது, வளர்த்தவளுக்கு நாங்கள் ஆடும் பாடத்தில் மேடையே இல்லை. குடும்பம் என்று பெயர் வைத்துவிட்டு இதை விட்டால் வரிசைக்கே அசிங்கம். கிணறு காட்டாத நல்லதங்காளில் மிச்சமாகும் நேரத்தை இங்கே கொண்டுவந்து, ராதைக்கு ஒரு தாலாட்டாவது எழுதிச் சேர்க்க வேண்டும். இரண்டாவது குறை, கண்ணன் அந்தணனாக வந்து புண்ணியத்தை எல்லாம் தானம் கேட்கும் இடம். பக்தர்கள் உருகுவார்கள், ஆனால் அதை நீட்டினால் குடும்பம் மறைந்து தத்துவம் மேலே வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது. கண்ணன் வேஷம் கட்டுகிறவர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

செலவைப் பார்த்தாலும் கர்ணனே லாபம். அரிச்சந்திரனுக்குச் சிறுவன் வேண்டும், நல்லதங்காளுக்கு ஏழு பிள்ளைகள் வேண்டும், பள்ளி நாளில் ஒத்திகைக்கு அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர் வேண்டும். கர்ண மோட்சத்துக்கு ஆறேழு பெரியவர்கள், ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், தாளம் போதும். கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும்தான் பணம் போகும்.

தேதி விஷயத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். பெரிய வெள்ளியை ஒட்டி எதையும் வைக்கக் கூடாது. ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கும் மவுண்ட் எட்ஜ்கோம்ப் தீமிதிக்கும் அன்று கூட்டம் அலைமோதும், ஆடுகிறவர்களில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள். மயான காண்டத்தோடு தொடங்கி, லியரை நடுவில் சோதனையாக வைத்து, நல்லதங்காளுக்குப் பிறகு ஒரு வாரம் இடைவெளி விட்டுக் கர்ணனைப் பெரிய அரங்கில் போடலாம். குந்தி வேஷத்தை ஆண் கட்டுவதுதான் பழைய முறை என்று எங்களில் சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். பொன்னுருவியை ஆண் ஆடட்டும், ஏச்சுக்கு அந்தக் குரல் பொருந்தும். குந்திக்கு ஒரு பெண்தான் வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.